டாரஸை விட்டு ஓ.டி.சி. ட்ரெய்லருக்குப் போகிறேன்: சேரும் முன் என்ன கேட்க வேண்டும்?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். வீடு கடலூர் முதுநகர் பக்கம். இதுநாள்வரை டாரஸ் (பல சக்கர சரக்கு லாரி)தான் ஓட்டினேன். சிமெண்ட், நெல், நிலக்கரி, சிப்காட்டிலிருந்து டிரம் சரக்கு என்று எல்லாம் ஏற்றியாயிற்று. இப்போது புதுச்சேரியில் ஓ.டி.சி. சரக்கு, அதாவது சாதாரண லாரி அளவுக்குள் அடங்காத பெரிய சரக்கு, எடுக்கும் ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் லோபெட் (தளம் தாழ்ந்த ட்ரெய்லர்), கை பழகியபின் ஹைட்ராலிக் ஆக்சில் (பல வரிசைச் சக்கரங்கள் உள்ள ட்ரெய்லர்) இழுக்கும் புல்லர் (முன்னால் இழுக்கும் வண்டி) தருவார்களாம். ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. ட்ரெய்லர் பின்னால் எடுப்பது கொஞ்சம் தெரியும். நண்பன் வண்டியில் பழகியதுதான்.

சம்பளம் இப்படிச் சொல்கிறார்கள்: மாதச் சம்பளம் குறைச்சல், மீதி கிலோமீட்டர் பேட்டா. டாரஸில் எனக்குக் கிலோமீட்டர் கணக்கு நன்றாகவே கட்டுப்படியாகிறது. அதனால் சரி என்று தலையாட்ட இருந்தேன். கூட ஓட்டிய ஒருவர் மட்டும் "அவசரப்படாதே, கேட்டுவிட்டுப் போ" என்றார். என்ன கேட்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ரெட்டிச்சாவடி எழுதியது:

வாழ்த்துகள் அண்ணே. இனிமேல் உங்களுக்குப் பின்னால் வருகிற ஊரே ஹாரன் அடிக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

புல்லர்_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். கிலோமீட்டர் பேட்டாவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டாரஸ் ஓடினால்தான் முதலாளிக்குக் காசு. அதனால் அவரே உங்களை நிற்கவிடமாட்டார். ஓ.டி.சி. அப்படி இல்லை. ஒரு டிரான்ஸ்ஃபார்மரோ காற்றாலை இறக்கையோ ஏற்றிவிட்டால் அதற்கு வாடகை மொத்தமாகப் பேசியிருப்பார்கள். வண்டி ஒரு நாளில் 40 கிலோமீட்டர் போனால் அது நல்ல நாள். பல நாள் அதுவும் இல்லை. பர்மிட் ஒரு மாநிலத்தில் வந்திருக்கும், அடுத்த மாநிலத்தில் வந்திருக்காது. பாலத்துக்கு அனுமதி வந்திருக்கும், மின்கம்பியைத் தூக்க லைன்மேன் வரமாட்டார். எல்லாம் கூடிவந்து சைட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், இறக்க கிரேன் வந்திருக்காது. அல்லது கிரேன் நிற்கும் இடத்தில் மண் கெட்டிப்படவில்லை என்று சொல்லிக் காத்திருக்க வைப்பார்கள்.

நான் தென் மாவட்டத்துக்காரன். முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் இறக்கை இழுத்தே வயதாகிவிட்டது. ஒவ்வொன்றும் 60 மீட்டருக்கு மேல் நீளம். ஒரு முக்குத் திரும்ப அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் வண்டி நகர்ந்தது நூறு மீட்டர். மீட்டரைப் பார்த்துப் பேட்டா போட்டால் அன்றைக்கு டீக்கு வருமா சொல்லுங்கள்?

ஆகவே கேட்க வேண்டியது: ஓடினாலும் நின்றாலும் நாள் பேட்டா உண்டா? லோடோடு நிற்கும் நாள், காலியாக நிற்கும் நாள், யார்டில் நிற்கும் நாள், இந்த மூன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு? வாரச் செலவுக்குப் பணம் எப்போது அனுப்புவார்கள்? இதை வாயால் சொன்னால் போதாது. ட்ரிப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம்_யார்டு எழுதியது:

நான் இதே தொழிலில் சூபர்வைசர். அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைக் கம்பெனி பக்கமிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

நிற்கும் நாளுக்கு எங்களுக்குப் பார்ட்டி (சரக்கை அனுப்பச் சொன்னவர்) ஹால்டிங் சார்ஜ் தர வேண்டும். முதல் சில நாள் இலவசம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்கப்புறம் தருவார்கள் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் பில் போட்டால், "உங்கள் பர்மிட் தாமதம், எங்கள் தாமதம் இல்லை" என்பார்கள். மாதக் கணக்கில் இழுப்பார்கள், சிலர் தருவதே இல்லை. வராத பணத்தைச் சின்ன கம்பெனி எங்கிருந்து டிரைவருக்குக் கொடுக்கும்? புல்லருக்கு மாதத் தவணை, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் வண்டி நின்றாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நின்றாலும் முழு பேட்டா என்றால், நகரலாம் என்று சொன்ன நாளிலும் "டயரில் காற்று இல்லை" என்று படுத்துவிடும் ஆட்களையும் பார்த்தாயிற்று.

புல்லர்_அண்ணாச்சி எழுதியது:

சார், பார்ட்டி பணம் தரவில்லை என்பது உங்களுக்கும் பார்ட்டிக்கும் உள்ள வழக்கு. டிரைவர் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரா? வண்டியில் இருக்கிற லோடு கோடிக்கணக்கில் மதிப்பு. ராத்திரி அதற்குப் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள்? நிற்கும்போதும் அவன் வேலைதான் பார்க்கிறான். வாட்ச்மேனுக்கு, "இன்று திருடன் வரவில்லை, சம்பளம் கிடையாது" என்று சொல்வீர்களா?

படுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அவர்களை அனுப்பிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கிலோமீட்டர் பேட்டா வாங்குகிறவனுக்கு நிற்பதில் நஷ்டம். மழை பெய்கிறது, வெளிச்சம் போகிறது, பாலத்தைப் பார்த்தால் மனசுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நகர்த்தத்தான் கை போகும். 150 டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு வயிற்றுக்காக நகர்த்தக் கூடாது. நாள் பேட்டா கேட்கச் சொல்வதே அதற்காகத்தான்.

வடலூர்_வீட்டம்மா எழுதியது:

என் வீட்டுக்காரர் லோபெட், அப்புறம் புல்லர் என்று ஓட்டுகிறார். இங்கே எல்லோரும் ஆண்கள் பேசுகிறீர்கள், வீட்டிலிருந்து பார்ப்பதையும் எழுதுகிறேன்.

அவர் முன்பு இருந்த கம்பெனியில் (பெயர் வேண்டாம்) வண்டி வேறு மாநிலத்தில் சைட் வாசலிலேயே நின்றுபோனது. பேட்டா வரவில்லை. க்ளீனர் பையனுக்குச் சாப்பாடு இவர்தான் போட வேண்டும், அந்தப் பையன் யாரிடம் போவான்? ஜிபேயில் நான் இங்கிருந்து பணம் அனுப்பினேன். வேலைக்குப் போன ஆளுக்கு வீட்டிலிருந்து செலவுக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்? ஊருக்கு வந்து கணக்கு முடிக்கும்போது "ஹால்டிங் பார்ட்டி தரவில்லை" என்று அதே பாட்டு. மேட்டுப்பாளையம் சார் எழுதியதைப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது. உங்களைத் தனியாகச் சொல்லவில்லை.

தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அடுப்பு, தண்ணீர் கேன், கொசுவலை மூன்றும் வண்டியில் இருக்கட்டும். ஓட்டல் சாப்பாடு மாதக்கணக்கில் உடம்புக்கு ஆகாது. அவருக்கு சர்க்கரை வந்ததே அப்படித்தான். வெயிலுக்கு ட்ரெய்லருக்கு அடியில் படுக்க வேண்டாம். எல்லோரும் படுக்கிறார்கள், தெரியும். இருந்தாலும் வேண்டாம். கேபினில் ஏசி இருக்கிறதா என்று கேளுங்கள். 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாரான பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். பழைய புல்லரைக் கொடுத்தால் அது இருக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கு வண்டி நம்பர், சூபர்வைசர் நம்பர், க்ளீனர் நம்பர் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. பேட்டாவை இப்படி யாரும் எனக்கு விளக்கவில்லை. வீட்டில் அவளிடம் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். "முதலில் அதைக் கேட்டுவிட்டு வா" என்கிறாள்.

சார், நீங்கள் சொல்வதும் புரிகிறது. ஆனால் எனக்கு இரண்டு பிள்ளைகள், பார்ட்டி பில் பாஸாகும்வரை ஸ்கூல் பீஸ் காத்திருக்காது.

அடுத்த கேள்வி ஓட்டுவதைப் பற்றி. டாரஸிலிருந்து போகிறவனுக்கு எது புதிதாக இருக்கும்?

ஆக்சில்_ஆபரேட்டர் எழுதியது:

நெய்வேலிக்காரன். புல்லர் டிரைவர் இல்லை. பின்னால் ஹைட்ராலிக் ட்ரெய்லரில் பவர்பேக் (ஆயில் பிரஷர் தரும் எஞ்சின்) பக்கத்தில் நிற்கிற ஆள் நான்தான். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஹைட்ராலிக் ஆக்சிலில் ஒரு வரிசைக்கு 8 டயர். லோடைப் பொறுத்து வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே போவோம். எல்லா வரிசையும் திரும்பும். முன் வரிசைகள் புல்லர் போகும் பக்கம் திரும்ப, பின் வரிசைகள் எதிர்ப்பக்கம் திரும்பி வாலைக் கொண்டுவரும். தேவைப்பட்டால் பின்னாலிருந்து நான் தனியாகத் திருப்புவேன். மேடு பள்ளத்தில் தளம் சாயாமல் இருக்க ஆயில் பிரஷரைப் பார்ப்பதும் என் வேலை. டாரஸில் ஸ்டீயரிங் பிடித்தவன் ராஜா. இங்கே பாதி ஸ்டீயரிங் என்னிடம் இருக்கிறது. கண்ணாடியில் வால் தெரியவில்லை என்றால் வாக்கிடாக்கியில் நான் சொல்வதை நம்பித்தான் நீங்கள் போக வேண்டும். பெரிய வண்டி ஓட்டிய அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இது கஷ்டம். இதுவரை யாரையும் நம்பாமல் ஓட்டியிருப்பார்கள்.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: போ என்று சொல்வது ஒரே ஒரு ஆள். நில் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கம்பு பிடித்து வயர் தூக்குகிற பையன் கத்தினாலும் நில்லுங்கள். ஏன் என்று அப்புறம் கேட்கலாம்.

பாலம்: கிளம்பும் முன் அனுமதிக் கடிதத்தை நீங்களே படியுங்கள், சூபர்வைசர் படித்தார் என்று விடாதீர்கள். பாலத்தின் நடுவில், 5 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஏற வேண்டும். அந்த நேரம் வேறு வண்டி பாலத்தில் இருக்கக் கூடாது. மேலே போய் பிரேக் அடிக்கக் கூடாது. நின்று கிளம்புவதும் கூடாது. சும்மா உருளும் எடையைவிடப் பிரேக் பிடிக்கும்போது பாலத்துக்குத் தள்ளுவிசை அதிகம். அதனால் ஏறும் முன்பே சரியான கியருக்கு வந்துவிட வேண்டும். மொத்த எடை 169 டன்னைத் தாண்டினால் ஆன்லைன் அனுமதி மட்டும் போதாது; வழியில் உள்ள பாலங்களை எஞ்சினியரை வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் விடுவார்கள். அப்படிப்பட்ட லோடு உங்களுக்கு உடனே வராது. வரும்போது பாலத்துக்குப் பாலம் தாமதம் ஆகும் என்று தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

நாமக்கல்_28 எழுதியது:

ஆபரேட்டர் அண்ணன் ஹைட்ராலிக்கைச் சொல்லிவிட்டார். தம்பி முதலில் ஏறப்போவது லோபெட். அதை லேசாக நினைக்க வேண்டாம். லோபெட்டில் பின்னால் ஆபரேட்டர் கிடையாது, எல்லாம் உங்கள் தலையில்.

பெரும்பாலும் ஹிட்டாச்சி (மண் தோண்டும் வண்டி), டோசர், ரோலர் வரும். "வண்டிதானே, தானே ஏறி நிற்கும்" என்று இரண்டு செயினைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். பிரேக் அடித்தால் சரக்கு எடையில் 80 விழுக்காடு முன்பக்கம் தள்ளும், பக்கவாட்டில் பாதி தள்ளும் என்று வைத்துத்தான் கட்ட வேண்டும். பல நாடுகளில் இதுதான் கணக்கு. 20 டன் ஹிட்டாச்சி என்றால் முன்பக்கம் 16 டன். கிரேடு 80 செயின், 10 எம்.எம்., நேராக இழுத்தால் 6.3 டன் பிடிக்கும். சாய்த்துக் கட்டும்போது அதுவும் குறையும். இப்போது இரண்டு செயின் எந்த மூலைக்குப் போதும்? நான்கு மூலைக்கும் தனித்தனி. பூம், பக்கெட் இரண்டையும் இறக்கி அதற்குத் தனிக் கட்டு. இரும்பு மேல் இரும்பு வழுக்கும். அடியில் ரப்பர் ஷீட் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல பலகை. கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி பைண்டரை (செயினை இறுக்கும் கருவி) மறுபடி இறுக்குங்கள். முதல் குலுக்கலில் எல்லாம் தளர்ந்துவிடும்.

அப்புறம் இறக்கம். கடலூர்க்காரர்களுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான் (அதற்கும் மலை என்று பெயர்!). தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயில் இறங்கிப் பாருங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரேக் டிரம் சூடேறிவிட்டால் மிதி மிதிதான், பிடிப்பு இருக்காது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், இல்லை அதற்கும் ஒன்று கீழே. எக்ஸாஸ்ட் பிரேக்கோ ரிடார்டரோ இருந்தால் அதுதான் முதல் பிரேக், கால் பிரேக் இரண்டாவது. இறங்கும் முன் நிறுத்தி டயர், டிரம் பாருங்கள். காலையில் ஏர் டேங்கில் தண்ணீர் வடித்துவிடுங்கள். உங்கள் பக்கம் கடல்காற்று, ஈரப்பதம் அதிகம், நிறையவே வரும்.

கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. எங்கள் ஊரில் அசோக் லேலண்ட் பயிற்சி மையம் இருக்கிறது. கம்பெனி அனுப்பினால் யோசிக்காமல் போங்கள்.

சிப்காட்_சேஃப்டி எழுதியது:

கடலூர் சிப்காட்டில் பாதுகாப்பு அலுவலர். எங்கள் கேட்டுக்குள் வரும் ஓ.டி.சி. வண்டிகளைப் பார்க்கிறவன் என்பதால் சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அகலம் 2.6 மீட்டர், தரையிலிருந்து உயரம் 4 மீட்டர் தாண்டினால் சாதாரண சரக்கு லாரிக்கு விதிமீறல். நாமக்கல் நண்பர் சொன்ன 20 டன் ஹிட்டாச்சியின் அடியில் உருளும் செயின் (டிராக்) அகலமே ஏறக்குறைய 2.8 மீட்டர். அதாவது, "சின்ன லோடு, பர்மிட் எதற்கு" என்று அனுப்புகிற லோபெட்டும் சட்டப்படி ஓ.டி.சி.தான். மாட்டினால் அளவு மீறலுக்கு 20,000 ரூபாய். எடை மீறினால் 20,000 ரூபாயோடு ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். எடை போட நிறுத்தாமல் போனால் 40,000. மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவு. அதில் "ஓட்டுகிறவர்" என்று மட்டும் இல்லை, ஓட்டச் செய்பவர், ஓட்ட அனுமதிப்பவர் என்றும் இருக்கிறது. அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே கேட்: மின்மயமான பாதையில் கேட்டுக்கு முன் நிற்கும் உயரச் சட்டம் 4.67 மீட்டர். அதற்கு மேல் உயரமான லோடு என்றால் ரயில்வே அனுமதி வாங்கி, கம்பியில் மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கடக்க வேண்டும். லோபெட்டுக்கு வேறு பிரச்சினை: தண்டவாளம் மேடாக இருந்தால் வண்டியின் வயிறு தட்டி நின்றுவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 மீட்டர் நீள வண்டி, கடக்க வேண்டிய தூரம் 10 மீட்டர், வேகம் 5 கிலோமீட்டர். முழுவதும் வெளியே வர ஏறக்குறைய அரை நிமிடம். கேட் திறந்திருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. 2025 ஜூலையில் நம்முடைய செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேட்கீப்பரிடம் ஆளை அனுப்பிப் பேசி, அவர் சரி சொன்னபிறகு ஏறுங்கள்.

ஓட்டும் நேரம்: 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்த காலத்திலிருந்தே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு என்பதுதான் கணக்கு. நடைமுறை எப்படி என்று எனக்கும் தெரியும்.

நாமக்கல்_28 எழுதியது:

சேஃப்டி சார், "ஓட்டச் செய்பவர்" என்று சட்டத்தில் இருக்கலாம். ரோட்டில் அபராதச் சீட்டு டிரைவர் கையில்தான் கொடுக்கிறார்கள். சில கம்பெனிகளில் அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். பர்மிட் இல்லாமல் அனுப்பியது அவர்கள், கட்டியது நாங்கள்.

மேட்டுப்பாளையம்_யார்டு எழுதியது:

அது தவறு. எங்கள் யார்டில் பர்மிட், எடை சம்பந்தமான அபராதம் கம்பெனி கணக்கு. சீட் பெல்ட், ஃபோன் பேசியது, குடித்தது இவை டிரைவர் கணக்கு. இதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள் தம்பி. கேட்கிற ஆளைப் பார்த்தால் எங்களுக்கும் ஒரு மரியாதை வரும், பொய் சொல்லவில்லை.

ஹால்டிங் விஷயத்தில் வீட்டம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஒரு நடுவழி சொல்கிறேன். முழு பேட்டா எல்லா நாளும் தர முடியாத கம்பெனியும் சாப்பாட்டுக் காசை, டிரைவருக்கும் க்ளீனருக்கும் சேர்த்து, நின்ற நாளுக்கும் தரலாம். அதைப் பார்ட்டி பில்லோடு கட்டிப்போட வேண்டியதில்லை. அதுகூட முடியாது என்கிற கம்பெனிக்குப் போகாதீர்கள்.

புல்லர்_அண்ணாச்சி எழுதியது:

இது பேச்சு. ஆனால் லோடோடு நின்றால் முழு பேட்டா என்பதிலிருந்து நான் இறங்கமாட்டேன்.

ரெட்டிச்சாவடி எழுதியது:

எங்கள் ஊர்ப் பக்கச் சங்கதியை யாரும் சொல்லவில்லையே. வெளியூர் ஓ.டி.சி. ஆட்கள் இங்கே வந்து தலையைச் சொறிவார்கள். விழுப்புரத்துக்குப் பழைய ரோட்டில் போனால் வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி புதுச்சேரி, மதகடிப்பட்டு தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. கடலூர் பக்கம் கன்னியக்கோயில், முள்ளோடை வரை புதுச்சேரி. எங்கள் ரெட்டிச்சாவடியிலிருந்து தமிழ்நாடு. டவுன்பஸ் தூரத்துக்குள் இரண்டு அரசாங்கம், இரண்டு போலீஸ், இரண்டு மின்சாரத் துறை. வயர் தூக்க இந்தப் பக்கத்து லைன்மேன் அந்தப் பக்கத்துக் கம்பத்தைத் தொடமாட்டார். கடிதம் இரண்டு பக்கத்துக்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இப்போது எம்.என்.குப்பம் வழியாக நான்கு வழிச் சாலை இருப்பதால் புதுச்சேரி ஊருக்குள் இந்திரா காந்தி சதுக்கத்தில் மாட்ட வேண்டியதில்லை, அந்த மட்டும் நிம்மதி. தஞ்சாவூர் பக்கம் போவதற்கும் 2025இல் சேத்தியாத்தோப்பு-சோழபுரம் நான்கு வழிச் சாலை திறந்தது பெரிய உதவி. முன்பு அந்தப் பக்கம் அகல லோடு போனால் எதிரே வரும் பஸ் வயலில் இறங்க வேண்டியிருந்தது.

டீசல் புதுச்சேரியில் விலை குறைவு, யார்டிலேயே நிரப்பிவிடுவார்கள். இன்னொன்றும் அங்கே விலை குறைவு, எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு பாட்டில்கூட வண்டியில் ஏறக் கூடாது. நீங்கள் குடிக்காத ஆளாகவே இருக்கலாம், க்ளீனர் வாங்கி டூல்பாக்ஸில் செருகியிருப்பான். செக்போஸ்டில் மாட்டினால் மதுவிலக்குக் கேஸில் வண்டியையே பிடித்து வைப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரோடு புல்லர் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். முதலாளி உங்களைக் கொஞ்சுவாரா? கிளம்பும் முன் டூல்பாக்ஸைத் திறந்து பாருங்கள்.

வடலூர்_வீட்டம்மா எழுதியது:

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து அரசூர் பக்கம் சென்னை-திருச்சி ரோடே நின்றது. அப்போது "சுற்றிப் போய்விடு" என்று ஆபீஸிலிருந்து ஃபோன் வரும். ஓ.டி.சி. வண்டி சுற்றிப் போக முடியாது. பர்மிட்டில் எழுதிய ரோடுதான் ரோடு. சுற்றுகிற ரோட்டில் பாலம் எப்படி என்று யாருக்குத் தெரியும்? இவர் போகமாட்டேன் என்று நின்றுவிட்டார். மேலதிகாரி திட்டினார். திட்டட்டும்.

கெடிலக்கரை எழுதியது:

ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

லோடோடு நிற்கும் நாளுக்கு முழு நாள் பேட்டா என்று ஒத்துக்கொண்டார்கள். காலியாகச் சைட்டில் நின்றால் பாதி. யார்டில் நின்றால் கிடையாது, வீட்டுக்குப் போகலாம். க்ளீனர் சாப்பாடு கம்பெனி கணக்கு. கிலோமீட்டர் கணக்கு லோபெட் காலியாகத் திரும்பும்போது மட்டும். பர்மிட், எடை அபராதம் கம்பெனி. இதை எல்லாம் ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதிச் சீல் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பி.எஃப். உண்டு. சம்பளம் 21,000க்கு மேல் போவதால் இ.எஸ்.ஐ. வராதாம். அதற்குப் பதில் தனி விபத்துக் காப்பீடு எடுப்பதாகச் சொன்னார்கள், பாலிசி நகலைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் பிடி கொடுக்கவில்லை. மழையிலோ இருட்டிலோ நான் நிறுத்தினால் அந்த முடிவு என்னுடையது என்று எழுதித் தரச் சொன்னேன். "சூபர்வைசரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்" என்கிறார்கள்.

சேருவதற்கு லைசென்ஸ் ஒரிஜினலையும் கேட்கிறார்கள். ஆபீஸில் பத்திரமாக இருக்குமாம். கொடுக்கலாமா?

புல்லர்_அண்ணாச்சி எழுதியது:

அந்தக் கடைசி வரியை எந்தக் கம்பெனியும் எழுதித் தராது தம்பி. எழுதாவிட்டாலும் சாவி உங்கள் கையில்தான் இருக்கும். நிறுத்தினால் நேரம், இடம், காரணம் மூன்றையும் உடனே வாட்ஸ்அப்பில் சூபர்வைசருக்கு அனுப்பிவிடுங்கள், ரோட்டைப் போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். மற்றபடி நல்ல பேச்சுதான் பேசியிருக்கிறீர்கள், சேரலாம்.

சிப்காட்_சேஃப்டி எழுதியது:

ஒரிஜினலைக் கொடுக்க வேண்டாம். நகல் போதும், கம்பெனி ஆன்லைனில் சரிபார்த்துக்கொள்ளலாம். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், காலாவதித் தேதியையும் ஒருமுறை பாருங்கள். அமிலம், கேஸ் மாதிரி அபாயகரமான சரக்கு எடுக்கச் சொன்னால் அதற்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும். அது இல்லாமல் ஏறாதீர்கள்.

மேட்டுப்பாளையம்_யார்டு எழுதியது:

ஒரிஜினலை வாங்கி வைப்பது ஆள் ஓடிவிடுவானோ என்ற பயத்தில்தான். கொடுக்காதீர்கள். டிஜிலாக்கரில் காட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

கெடிலக்கரை எழுதியது:

சரி சார். நாளைக்கு நகலோடு போகிறேன். முதல் லோடு நெய்வேலி சுரங்கத்துக்கு ஒரு டோசராம். நாமக்கல் அண்ணே, டோசருக்குப் பிளேடை இறக்கித் தனியாகக் கட்ட வேண்டுமா, இல்லை இறக்கி வைத்தாலே போதுமா?

நாமக்கல்_28 எழுதியது:

இறக்கிக் கட்டுங்கள். பிளேடுக்கு அடியில் பலகை, இரண்டு பக்கமும் செயின், பின்னால் ரிப்பர் (மண்ணைக் கிளறும் கொக்கி) இருந்தால் அதையும் இறக்கி ஒரு செயின். பிளேடு ட்ரெய்லர் அகலத்தைவிட எவ்வளவு வெளியே நிற்கிறது என்று டேப் வைத்து அளந்து, பர்மிட்டில் உள்ள அகலத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சிவப்புக் கொடி, ராத்திரி நிற்க வேண்டி வந்தால் விளக்கு. வடலூர் முனையில் வலது பக்கம் கடைக்கூரைகள் ரோட்டுப் பக்கம் நீண்டிருக்கும், க்ளீனரை இறக்கி முன்னால் நடக்கவிட்டுத் திரும்புங்கள்.